புரி திருத்தும் சாமான்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் சேர்ந்தால் இப்போது முழங்கால் நோவும் சீனி வருத்தமும்தான் பேச்சு. கனடாவில் இருக்கிற மகள், லண்டனில் இருக்கிற மருமகன் என்று ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடியும் முழங்காலில்தான் நிற்போம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் ஊர்காவற்றுறைக்கு ஒருமுறை போய்வந்ததில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்குகிறதில்லை. யாருக்காவது சொல்லவேண்டும். பிள்ளைகளுக்குச் சொன்னால், "விடுங்கோ அம்மா, எந்தக் காலத்துக் கதை" என்பார்கள். உங்களுக்குத்தான் சொல்லலாம். கேட்டுவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

கதை நட்டும் போல்ற்றும் பற்றியது. பெண்பிள்ளைக்கு இதிலே என்ன கதை என்று சிரிக்காதீர்கள். என் அப்பா குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடிய மோட்டார் வள்ளம் ஒன்றின் ஓட்டி. வீடு புங்குடுதீவு மடத்துவெளியில். எங்கள் வீட்டில் உப்பு, புளி, மிளகாய் எவ்வளவு பேசப்பட்டதோ அவ்வளவு எஞ்சினும் பேசப்பட்டது.

போல்ற்றின் உடம்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறுகிற வெட்டு இருக்கிறதல்லவா, அதுதான் புரி. நட்டின் உள்பக்கத்திலும் அதே புரி இருக்கும். உப்புக்காற்றில் துருப்பிடித்தோ, சுத்தியல் அடி வாங்கியோ அந்தப் புரி நசிந்துவிட்டால் நட்டு பாதியில் இறுகி நின்றுவிடும். போகவும் போகாது, வரவும் வராது. பலவந்தமாகத் திருகினால் உள்ள புரியும் வழித்துக்கொண்டு போய்விடும். அதைத் திருத்துகிற சாமானுக்கு டை என்று பெயர். ஒரு பழைய ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய, கனத்த, வட்டமான உருக்கு. நடுவில் ஒரு துளை, துளையின் உள்விளிம்பில் கூரான பற்கள். அதை நீளக் கைபிடி ஒன்றில் பொருத்தி, நசிந்த போல்ற்றின் தலைப்பில் வைத்துச் சுற்றினால், பல் புரியின் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு இறங்கும். நட்டின் உள்பக்கத்தைத் திருத்துவதற்கு ராப் என்று இன்னொன்று, அது பென்சில் மாதிரி இருக்கும். இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளில் பிளாஸ்ரிக் பெட்டியில் ஒரு செற்றாகவே வாங்கலாம். ஆகவே இது அழிந்துபோன தொழிலுக்கு அழுகிற கதை இல்லை. தொழில் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலம் வெளிச் சாமான் வராத காலம். பாணுக்கு விடியற்காலை வரிசையில் நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அப்பாவின் எஞ்சின் வெள்ளைக்காரன் காலத்தது. அதன் புரி எல்லாம் அங்குலக் கணக்கு. கடையில் அருமையாகக் கிடைக்கிற ஜப்பான் போல்ற் அதற்குள் இரண்டு சுற்றுப் போய் இறுகிவிடும். ஆகையால் பழைய போல்ற்றைத்தான் மறுபடி மறுபடி திருத்திப் போடவேண்டும். அந்தக் கணக்குக்குச் சரியான டை செற் தீவுப்பகுதி முழுவதிலும் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

அவர் ஊர்காவற்றுறையில் இருந்து சைக்கிளில் வருவார். நான் அவரை மெக்கானிக் மாமா என்றுதான் கூப்பிட்டேன். மெலிந்த ஆள், காக்கிக் களிசான், கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு மாதா சுரூபம். வேதக்காரர். எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிப்பார், ஆனால் அம்மா அவருக்கென்று ஒரு தனிக் கிளாஸ் வைத்திருந்தாள். அவருக்கும் அது தெரியும். குடித்து முடிந்ததும் தானே கிணற்றடியில் கழுவி, வைத்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போவார். அப்போது எனக்கு அது ஒரு ஒழுங்கு மாதிரித் தெரிந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அவருடைய செற் ஒரு பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தது. தகரம் நிறைய வெள்ளையான, கட்டிபட்ட ஒரு கொழுப்பு. அதற்குள்தான் டையும் ராப்பும் புதைந்து கிடக்கும். கையைவிட்டுத் துழாவி எடுப்பார். விரலால் வழித்துவிட்டால் உருக்கு பளீரென்று வரும், ஒரு பொட்டுத் துரு இருக்காது. அந்தக் கொழுப்பிலேயே கொஞ்சம் போல்ற்றில் தடவிவிட்டுத்தான் சுற்றத் தொடங்குவார். அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு. பின்னுக்குச் சுற்றும்போது டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும், வெட்டுப்பட்ட துருவல் உடைகிற சத்தம். மெழுகுதிரி அணைந்த மணம் மாதிரி ஒரு மணம் எழும். முடிந்ததும் நட்டை வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். அது கிறுகிறுவென்று தானாகவே அடிவரை ஓடிப்போய் நிற்கும். என்ன சந்தோசமடா அது! எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

ஆனி மாதம், நயினாதீவு அம்மன் திருவிழா. சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிகிற காலம். கொடியேறினால் தீர்த்தம் வரைக்கும் வள்ளங்களுக்கு ஓய்வில்லை, சனம் அப்படி வரும். அப்பாவின் வள்ளத்தில் எஞ்சினில் இருந்து வருகிற தண்டும், தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் தண்டும் சேருகிற இடத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள். அவற்றை ஆறு போல்ற் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் புரி நசிந்து, நட்டு அடிவரை ஏறாமல், தட்டுகள் ஆடத் தொடங்கிவிட்டன. கொடியேற்றத்துக்கு முதல்நாள் மெக்கானிக் மாமா வந்து, இரண்டைத் திருத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, இது ஒருநாள் வேலை இல்லை. ஓட ஓடத்தான் மற்றதுகளும் காட்டும். நான் ஒண்டைவிட்ட ஒருநாள் வந்து பார்க்கிறன். ஆனால் இந்தக் காத்துக்கு முன்னாலை தகரத்தையும் கட்டிக்கொண்டு பாலத்தாலை உழக்க ஏலாது."

"அப்ப இஞ்சை வைச்சிட்டுப் போமன். என்ர வீட்டை ஆர் தொடப்போறது?"

அவர் யோசித்தார். அந்தத் தகரத்தை அவர் அதற்கு முன் எந்த வீட்டிலும் விட்டுப்போனதில்லை. கடைசியில் அப்பாவின் கையில் கொடுத்து, "அண்ணை, இது என்ர சோறு" என்று மட்டும் சொன்னார். அப்பா அதை வெளிக் கொட்டிலில் வைக்காமல், உப்புக்காற்றுப் படும் என்று உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்குக் கீழே தள்ளிவைத்தார்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, உதென்ன வெண்ணெய் மாதிரி?" என்று கேட்டாள்.

"கிறீஸ்" என்றார் அப்பா. அவருக்கு அது என்னவென்று தெரியும். விளக்கம் சொல்லப் பஞ்சிப்பட்டோ, சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்றோ, கிறீஸ் என்ற ஒரு சொல்லோடு வள்ளத்துக்குப் போய்விட்டார். ஆண்களுக்கு இந்த ஒரு சொல்லில் முடிக்கிற வித்தை நன்றாக வரும்.

அம்மாவின் குதிக்கால் இரண்டும் வெடித்து வெடித்து இருக்கும். சோளகக் காலத்தில் பிளவுக்குள் மண் ஏறி, நடக்கும்போது பல்லைக் கடிப்பாள். திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் போவது அவள் நேர்த்தி. தேங்காயெண்ணெய் பூசியும் சரிவரவில்லை. ஒருநாள் மத்தியானம் தகரத்தைத் திறந்து, இரண்டு விரலால் அந்தக் கொழுப்பை வழித்துக் காலில் தேய்த்தாள். அடுத்தநாளும் தேய்த்தாள். "நல்ல சாமானடி, கால் பூப்போலக் கிடக்கு" என்று எனக்குக் காட்டினாள். அந்தக் காலோடுதான் தோய்த்த சேலை உடுத்து, அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குள் போய்வந்தாள். நானும் கூடப் போனேன்.

அதற்கு அடுத்தநாள் மெக்கானிக் மாமா வந்தபோது நான் சும்மா வாயை வைத்துக்கொண்டிருக்காமல் கேட்டேன். "மாமா, இந்தக் கிறீஸ் ஏன் வெள்ளையாய் இருக்கு?"

"இது கிறீஸ் இல்லை, பிள்ளை. மாட்டுக் கொழுப்பு. எண்ணெய் எல்லாம் இந்த உப்புக்காத்துக்கு நிக்காது. கொழுப்பு நிக்கும்." பிறகு குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதையும் என்ன."

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். பத்து வயதுக்கு அது பெரிய காலம்தான்.

மூன்றாம் நாள் நான் பக்கத்து வீட்டில் பொரித்த மீன்துண்டு ஒன்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். திருவிழா நடக்கிற நாளில், சட்டி பானை மாற்றி மரக்கறி மட்டும் சமைக்கிற வீட்டில்! அம்மா வாயை மணந்து பார்த்தே கண்டுபிடித்தாள். அகப்பைக்காம்பால் முதுகில் இரண்டு போட்டாள். "மூதேசி, அம்மாள் கண்ணைக் கொத்துவா. இந்த வாயோடை இனி ஆரும் சாமியறைக்குள்ளை போக ஏலுமோ?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீங்கள் மட்டும் மாட்டுக் கொழுப்பைக் காலிலை பூசிக்கொண்டு கோயிலுக்குள்ளை போகலாமோ?" என்றேன்.

அகப்பைக்காம்பு நின்றது. "என்னடி சொன்னனீ?"

சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா என்னை ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடிக்குப் போனாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அரப்புப் போட்டுத் தேய்த்தாள், பிறகு கல்லிலே தேய்த்தாள். ஆறியிருந்த வெடிப்பெல்லாம் பிளந்து இரத்தம் வந்தது. வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாள். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அம்மா பனையோலைக் கடகத்துக்குள் பூவும் தேங்காயும் வைத்தாள். அதற்கு அடியில் பழஞ்சேலையில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. அப்பாவின் வள்ளத்தில்தான் ஏறினோம். பின்பக்கத்து ஓரத்தில் இருந்தோம். வள்ளம் நிறையச் சனம். நயினாதீவுக் கோபுரம் தெரியத் தொடங்கியதும் எல்லாரும் எழும்பிக் கைகூப்பி அரோகரா போட்டார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா கடகத்துக்குள் கையைவிட்டுத் தகரத்தை எடுத்து, ஓரத்தால் கடலுக்குள் விட்டாள். எறியவில்லை, மெதுவாகக் கையை விட்டாள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நாலு முழத்துக்கு அப்பால் அப்பா எஞ்சினோடு குனிந்து நின்றார், அவருடைய முதுகு எங்கள் பக்கம்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "கோபுரத்தைப் பார். அம்மாளாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

"அம்மாளாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"கொப்பருக்கும்?"

"அப்பாவுக்கும்."

அதற்குள் என்ன இருந்தது, அது இல்லாமல் யார் என்ன ஆவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. தீட்டுப்பட்ட ஒரு தகரம், உள்ளே நாலு இரும்புத்துண்டு. வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பாள். இதை இப்போது நான் அவளுக்காகச் சொல்கிறேன். அவள் தனக்காக ஒருநாளும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நாங்கள் வீடு திரும்பிய பிறகு மெக்கானிக் மாமா வந்தார். வேறொரு வள்ளத்து வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், படலையடியில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான்தான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணாந்து குடித்துவிட்டுக் கேட்டார். "தகரம் பத்திரமாய் இருக்குத்தானே, பிள்ளை?"

"ஓம்" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அம்மாவைக் கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம். "ஓம்" என்பது மட்டும் வேண்டாத சொல். அதைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு விடிய வருவதாக அப்பாவிடம் சொல்லச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

விடிய வந்தார். அப்பா அலுமாரிக்குக் கீழே கையைவிட்டார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். பிறகு வீடு முழுவதும் தேடினார். முற்றத்துக்கு வந்து நின்றபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"இஞ்சேரும், தகரத்தை எடுத்தனீரே?" என்று குசினிக்குக் குரல் கொடுத்தார்.

"உங்கட சாமான் எனக்கென்ன தெரியும்?" குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல். பானையைத் துழாவுகிற சத்தம் நிற்கவேயில்லை.

மெக்கானிக் மாமா என் பக்கம் திரும்பினார். "நேற்றுப் பின்னேரம் இருந்ததுதானே? பிள்ளையை நான் கேட்டனான் அல்லோ. இருக்கெண்டு சொன்னவ."

"நேற்றுப் பின்னேரம் நீர் இஞ்சை வந்தனீரோ?" அப்பாவுக்கு அது புதுச் செய்தி. நான் சொல்ல மறந்துவிட்டேன், அல்லது சொல்லப் பயந்துவிட்டேன்.

"தண்ணி குடிக்க வந்தனான் அண்ணை."

"வீட்டிலை ஆரும் இல்லாத நேரமாய்ப் பார்த்தோ?"

"என்ன கதைக்கிறியள்? பிள்ளை நிண்டவ."

அப்பா என்னைப் பார்த்தார். "இவர் வந்தவரோ?"

"ஓம்."

"வரேக்கை தகரம் இருந்ததோ?"

நான் குசினி வாசலைப் பார்த்தேன். அம்மா துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஓம்."

"அப்ப நீர் வரமட்டும் இருந்தது, நீர் போனபிறகு இல்லை" என்றார் அப்பா. "கேட்டிருந்தால் தந்திருப்பன். உம்மட சாமான்தானே. மற்ற வள்ளக்காரன் கூப்பிட்டால் அவனிட்டைப் போமன். ஏன் இந்தக் கள்ள வேலை?"

மெக்கானிக் மாமா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். "என்ர சாமானை நானே களவெடுக்கிறதோ, அண்ணை? உங்கள் கையிலை தந்தனான். நீங்கள் ஆருக்குக் குடுத்தனியள்?"

அதோடு இருவருக்கும் வாய் தடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அம்மா வெளியே வரவில்லை.

திருத்தாமல் மிச்சம் இருந்த போல்ற்றுகளை அப்பா சணலைச் சுற்றி, கம்பியால் இறுக்கி, அடித்து ஏற்றிக்கொண்டு ஓடினார். திருவிழா நேரத்தில் வள்ளத்தை நிறுத்த முடியாது. தேரன்று மத்தியானம், நடுக்கடலில், வள்ளம் கொள்ளாத சனத்தோடு அது விட்டுக்கொடுத்தது. எஞ்சின் கத்தியதாம், வள்ளம் அசையவில்லையாம். சோளகம் வள்ளத்தைத் திருப்பிக் குறுக்காலே போட்டு அடித்ததில், தாயின் மடியில் இருந்த ஒரு குழந்தை தண்ணீருக்குள் போய்விட்டது. பாய்ந்து எடுத்தார்கள், உயிர் இருந்தது. மீன்பிடிக்காரர் வந்து கயிறு போட்டு இழுத்துக் கரைசேர்த்தார்கள். ஒருத்தரும் சாகவில்லை. அப்பா இறங்குதுறையில் குந்தியிருந்து வாந்தி எடுத்ததை நான் கண்டேன். அடுத்தநாள் வள்ளத்தில் வேறொரு ஓட்டி நின்றார்.

அந்த ஒரு கிழமைக்குள் தீவு முழுக்கக் கதை பரவிவிட்டது. "வேதக்காரன் வேணுமெண்டு செய்த வேலை, அம்மன்ரை திருவிழாவைக் குழப்பிறதுக்கு" என்று கூடச் சொன்னார்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னவர்களைப் பேசாமல் இருங்கள் என்றும் சொல்லவில்லை.

தீர்த்தம் முடிந்த பிறகு மெக்கானிக் மாமா கடைசியாக ஒருமுறை வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. "அண்ணை, உங்கட கோயிலிலையே வந்து சத்தியம் பண்ணுறன். நான் எடுக்கேல்லை. என்னை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடுறாங்கள் இல்லை. கூப்பிட்டாலும் அந்தச் சாமான் இல்லாமல் நான் என்னத்தைச் செய்யிறது? எனக்கு மூண்டு பிள்ளையள்."

"வேதக்காரன் எங்கட கோயிலிலை சத்தியம் பண்ணினால் அது செல்லுமோ?" என்றார் அப்பா.

நான் விறாந்தைத் தூணோடு நின்றேன். செல்லும் என்று நான் பண்ணிய சத்தியம் ஒன்று என் நெஞ்சுக்குள் இருந்தது. அது அவரைக் களவாளியாக்கிக்கொண்டிருந்தது. அது தெரிந்துதான் நின்றேன். அவர் பெடலில் காலை வைத்து, ஏறாமல், சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒழுங்கை முடிவுவரைக்கும் போனார்.

அம்மா ஏன் சொல்லவில்லை? முதலில் வெட்கம். பிறகு அந்தக் குழந்தை கடலில் விழுந்த நாளில் இருந்து வேறு ஒன்று. தன் காலால்தான் அம்மாள் கோபித்தாள், தன்னால்தான் வள்ளம் நின்றது என்று அவள் நம்பினாள். அவள் எனக்கு அதைச் சொன்னதில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலின் உள்வீதிக்குப் போனதே இல்லை. வெளியிலேயே நின்று, மணலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வருவாள். ஊர்ச்சனம் அதைப் பெரிய பக்தி என்றது.

அப்பா வேறு வள்ளம் எடுக்கவில்லை. தோட்டக்காரருக்கு இறைப்பு மிசின் ஓட்டினார். மெக்கானிக் மாமா குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். பிறகு நாங்களும் ஓடினோம், எல்லாரும் ஓடினோம், அந்தக் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா இடம்பெயர்ந்த இடத்தில் இறந்தாள். அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார்.

அம்மா போய் ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம், கதிரையில் இருந்தவர் திடீரென்று கேட்டார். "பிள்ளை, அந்தாள் உண்மையிலை எடுத்திருக்குமோ? நான் பிழையாய்க் கதைச்சுப்போட்டனோ?"

அம்மாவும் இல்லை, தடுப்பாரும் இல்லை. இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். செத்த தாயைக் காட்டிக்கொடுப்பதா, அம்மாளாணை என்று சொன்னேனே என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். சும்மா பேச்சு. தகப்பன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் உண்மை.

"ஆருக்குத் தெரியும் அப்பா, பழைய கதை. தேத்தண்ணி போடட்டே?" என்றேன்.

அடுத்த மாசி மாதம் அவர் போய்விட்டார்.

மெக்கானிக் மாமாவும் செத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒளிக்காமல் சொன்னால், நினைக்க விரும்பினேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் யாரோ, அவர் ஊர்காவற்றுறைக்கே திரும்பி வந்து எத்தனையோ வருடமாக இருக்கிறார் என்றார்கள். அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன்.

முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். தலை முழுக்க வெள்ளை, காது நல்லாகக் கேட்கிறது. இன்னாருடைய மகள் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணீர் போடச் சொன்னார். எனக்கென்று தனிக் கிளாஸில் வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான், பாழ்பட்ட புத்தி. எல்லோருக்கும் கொடுக்கிற கோப்பையில்தான் வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பு, அம்மாவின் குதிக்கால், கடகம், கோபுரம், அந்த இரண்டு பொய் "ஓம்". ஒன்றையும் விடவில்லை. இடையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எவ்விடத்திலை போட்டவ?"

"நடுக்கடலிலை, மாமா."

"ம்." கையை விரித்து, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கொப்பரைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். நீர் இருக்கெண்டு சொன்னனீர். பச்சைப்பிள்ளை பொய் சொல்லாது. அப்ப நான் தண்ணி குடிச்சிட்டுப் போனபிறகு கொப்பர்தான் எடுத்து ஆருக்கோ குடுத்திட்டார், குடுத்திட்டு எனக்குக் கள்ளப்பட்டம் கட்டிறார் எண்டு. இவ்வளவு காலமும் அதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவற்றை செத்தவீட்டுச் செய்தி எனக்கு வந்தது. நான் அப்ப இஞ்சை வந்திட்டன். சேட்டும் போட்டுச் சைக்கிளையும் வெளியாலை எடுத்தனான். பிறகு திருப்பி உள்ளுக்கை விட்டிட்டன். அந்தாளின்ரை முகத்தைப் பார்க்க மனம் வரேல்லை."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. நான் அப்ப சின்னப்பிள்ளை. பத்து வயசு. எனக்கு என்ன தெரியும்?"

"ஓம், ஓம். சின்னப்பிள்ளைதான்" என்றார். கோபமே இல்லை. அவருடைய மருமகள் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். எனக்கும் நெஞ்சுக்குள் கொஞ்சம் இளகியது.

பிறகு அவர் தலையைச் சரித்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"கொப்பர் செத்த நேரம் உமக்கு எத்தினை வயசு, பிள்ளை?"

தேத்தண்ணீர்க் கோப்பையை நான் நிலத்தில் வைத்தேன்.

"நாற்பத்தொண்டு" என்றேன்.